சோதனைக்குப் போட்ட மாரிமுத்து

1

இந்தப் புரட்டாசியோடு நான் கனடாவுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் வீட்டுக்கு வெளியே ஒருத்தரும் என்னை என் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆஸ்பத்திரியில், பேங்கில், பஸ் பாஸ் வாங்குகிற இடத்தில் எல்லாம் "மிஸ்டர் சடையன்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். சடையன் என் அப்பா. என் பேர் மாரிமுத்து. பாஸ்போர்ட் எடுக்கும்போது குடும்பப் பேர் என்ன என்று கேட்டார்கள். எங்களுக்கு ஏது குடும்பப் பேர்? அப்பா பேரை எழுதினார்கள். அதுவே இங்கே எனக்குப் பேராகிவிட்டது.

அப்பா உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியே காலத்தைக் கழித்தவர். நுவரெலியாவுக்கு அந்தப் பக்கம் போனதில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியைத் தவிர வேறு மருந்து வாசலை மிதித்ததில்லை. அவரை இந்த நாட்டில், இந்தக் குளிரில், கண் டாக்டர் அறை வாசலில் நின்று சத்தமாகக் கூப்பிடுகிறார்கள். முதல் இரண்டு வருஷம் நான் திரும்பிப் பார்ப்பேன், அவர் எங்கேயாவது நிற்கிறாரா என்று. இப்போது பழகிவிட்டது. அவருக்காக நான் எழுந்து போகிறேன்.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன். இந்தக் குறிப்பை நான் போனில் பேசுகிறேன், ஹட்டனில் பத்திரிகை நடத்துகிற தம்பி அதைக் கேட்டு எழுத்து நடைக்கு மாற்றிக்கொள்கிறார். நான் சுற்றிச் சுற்றிப் பேசுவேன் என்று அவருக்கும் தெரியும். பொறுத்துக்கொள்ளட்டும்.

விஷயம் கண். இடது கண்ணில் புரை விழுந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பால் ஊற்றிய கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. வலது கண்ணிலும் தொடங்கிவிட்டது. சின்ன ஒப்பரேஷன்தான், காலையில் போனால் மத்தியானம் வீட்டுக்கு வரலாம் என்கிறார்கள். அந்தச் சின்ன ஒப்பரேஷனுக்குத்தான் வரிசையில் போட்டுவிட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் வரிசை உண்டு. யாரும் முண்டியடிப்பதில்லை. வரிசை நகர்கிறதா என்று யாரும் எட்டிப் பார்ப்பதும் இல்லை.

எனக்கு அவசரம். என் அக்கா ஊரில், நல்லதண்ணி என்கிற இடத்தில் இருக்கிறாள். அவள் மகன் மலைக்கு யாத்திரை போகிறவர்களுக்குக் குல்லாவும் தேத்தண்ணியும் விற்கிற கடை போட்டிருக்கிறான். சீசன் காலத்தில் அக்கா கடைக்கு முன்னால் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரை எல்லாம் அதட்டிக்கொண்டிருப்பாள். அவளுக்கு இப்போது நடக்க முடியவில்லை. தை மாசத்துக்கு எனக்கு டிக்கெட் போட்டாயிற்று. அதற்குள் கண்ணை வெட்டிக்கொண்டு போனால் அவள் முகத்தைப் பார்க்கலாம். வீடியோவில் அவள் எனக்கு ஒரு பழுப்பு நிறமாகத்தான் தெரிகிறாள்.

இதை நான் அவளிடம் சொன்னபோது அவள் சொன்னது: "கண்ணு தெரியாம வந்து என்னத்தடா பாக்கப் போற? ஏங்கொரலத்தான் தெனமும் போன்ல கேக்குறியே. டிக்கட்டுக் காச மிச்சம் புடி."

அக்கா இப்படித்தான். நான் வராவிட்டால் அவள் என்ன பேசுவாள் என்பது வேறு கதை.

2

என் மருமகள் ரெஜினாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் ஹட்டன் டவுன் பிள்ளை. அவள் அப்பா சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர், வாத்தியார். என் மகன் செல்வம் அவளைக் காதலித்துக் கட்டினான். செல்வம் இங்கே பெரிய லொறி ஓட்டுகிறான். வீட்டை விட்டுப் போனால் நாலைந்து நாள் கழித்துத்தான் வருவான். வீட்டுக் கடன் ரெஜினா சம்பளத்தில் போகிறது. அவள் கம்ப்யூட்டர் வேலை செய்கிறாள்.

கம்ப்யூட்டர் வேலை என்றால் என்ன என்று நான் பல தடவை கேட்டிருக்கிறேன். இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றும் நோயாளிகளின் விவரத்தைத் தனித்தனியாக வைத்திருந்தன. கண் டாக்டரிடம் ஒன்று, குடும்ப டாக்டரிடம் ஒன்று, பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்று. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கிற வேலையை அவளுடைய கம்பெனி எடுத்திருக்கிறது. சேர்த்த பிறகு எல்லாம் சரியாக வந்து சேர்ந்ததா, ஒருத்தர் விவரம் இன்னொருத்தரோடு கலந்துவிட்டதா, விட்டுப்போனது எது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. டெஸ்டிங் என்கிறாள்.

நான் உடனே சொன்னேன், இது எங்களுக்குத் தெரிந்த வேலைதான் என்று. மலையில் கொழுந்தை நிறுப்பார்கள். அதே கொழுந்தை பெக்டரிக்குக் கொண்டுபோய் மறுபடி நிறுப்பார்கள். இரண்டும் ஒருநாளும் ஒத்துவராது. ஈரம் என்பார்கள், சாக்கு என்பார்கள், வழியில் வாடிவிட்டது என்பார்கள். பெண்கள் கேட்டால் கணக்கப்பிள்ளை வானத்தைப் பார்ப்பார். ரெஜினா சிரித்தாள். "அதேதான் மாமா. நான் ரெண்டு பக்கத்துலயும் நிறுத்துப் பாக்குறவ" என்றாள். அப்படியென்றால் நடுவில் விழுங்கியவன் யார் என்று கண்டுபிடிப்பாயா என்று கேட்டேன். கண்டுபிடிப்பேன், ஆனால் அவனிடம் போய்ச் சொன்னால் அவனும் வானத்தைத்தான் பார்ப்பான் என்றாள்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் விளங்க வேண்டும். அவள் சோதித்துப் பார்க்க நிஜ நோயாளிகளின் விவரத்தைத் தொடக்கூடாது. சட்டம். அதனால் இல்லாத ஆட்களை உண்டாக்குகிறார்கள். பேர், வயது, விலாசம், நோய் எல்லாம் கொடுத்து உள்ளே விடுகிறார்கள். அந்த ஆட்கள் ஒழுங்காக அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தால் நிஜ ஆட்களும் போய்ச் சேர்வார்கள் என்று அர்த்தம். வெள்ளைக்காரப் பேர்களை எல்லாம் கம்ப்யூட்டர் சுலபமாக விழுங்கிவிடுமாம். ரெஜினா அதற்கு விக்குகிற மாதிரி ஆட்களைத் தேடிப் போடுவாள். குடும்பப் பேர் இல்லாதவன், ஒற்றைப் பேர் மட்டும் உள்ளவன், பிறந்த தேதி தெரியாதவன். இப்படி ஆட்களுக்கு அவள் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. சாப்பாட்டு மேசையில் எதிரே ஒருவன் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

இது எனக்கு அப்போது தெரியாது.

3

போன மாசி மாசம் என் போன் கழுவுகிற தொட்டிக்குள் விழுந்து செத்துப்போனது. ரெஜினா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய போனை எடுத்துக் கொடுத்தாள். அதற்குள் ஒரு நம்பரும் இருந்தது. ஆஸ்பத்திரிக்கும் அந்த நம்பரையே மாற்றிச் சொல்லிவிட்டாள்.

கொஞ்ச நாளில் அந்தப் போனுக்கு ஒரு செய்தி வந்தது. என் பேத்தி அபியிடம் காட்டினேன். அபிக்குப் பதினைந்து வயசு. தமிழ் விளங்கும், பதில் இங்கிலீஷில் வரும், முகம் எப்போதும் அவளுடைய போனுக்குள் இருக்கும். தலையைத் தூக்காமலே வாசித்தாள். மாரிமுத்து, கண் பகுதி, நாளைக் காலை எட்டு மணி, வருவதானால் ஒன்று என்று பதில் போடவும். அவளே ஒன்றை அமுக்கிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

என் பேர். அப்பா பேர் இல்லை, என் பேர். இந்த நாட்டில் முதல் தடவையாக ஒரு ஆஸ்பத்திரி என்னைச் சரியாகக் கூப்பிட்டிருக்கிறது என்று எனக்கு ஒரே திருப்தி.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அதை இங்கே பிறந்தவர்களுக்கு விளங்கவைக்க முடியாது. விடியக்காலையில் சங்கு ஊதினால், வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். பேர் கூப்பிட்டால் முன்னால் போக வேண்டும். ஏன், எதற்கு, எந்த மலைக்கு என்று கேட்கிறவன் இல்லை. பிந்திப் போனால் கங்காணி திருப்பி அனுப்பிவிடுவார், அன்றைய பேர் இல்லை, கூலியும் இல்லை. காய்ச்சலோடும் போய் நின்றிருக்கிறோம். என் மனைவி, பாவம், இப்போது இல்லை, அபியின் அப்பன் செல்வம் வயிற்றில் இருந்தபோது மாசம் முற்றியும் போய் நின்றவள். பேர் கூப்பிட்டால் கால் தானாக நடக்கும். மண்டையைக் கேட்காது.

அதனால் போனேன். இரண்டு பஸ் மாறி, பனியில் வழுக்கி, ஏழரைக்கே போய் நின்றேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள். மிஸ்டர் சடையனுக்கு இன்றைக்கு ஒன்றும் இல்லை என்றாள். நான் மாரிமுத்து என்றேன். மாரிமுத்து சடையன்தானே, ஒன்றும் இல்லை என்றாள். போனைக் காட்ட எடுத்தால் குளிரில் அது அணைந்து கிடந்தது. பழைய போன், வெளியே கொண்டுபோன ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். திரும்பி வந்துவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் செல்வம் நான் தனியாக பஸ் ஏறுவதையே நிறுத்திவிடுவான்.

மறுபடியும் செய்தி வந்தது. மறுபடியும் போனேன். அன்றைக்கு அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். தண்ணீர் கொடுத்தாள். மூன்றாம் தடவை போனபோது மேசையைச் சுற்றி வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வீட்டில் யார் இருக்கிறார்கள், இன்று என்ன கிழமை, எப்படி வந்தீர்கள் என்று மெதுவாக, பச்சைப் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி கேட்டாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவள் தலையாட்டிக்கொண்டே போய்க் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள். கொஞ்சம் நீளமாகவே தட்டினாள். அன்பானவள்தான். அந்த அன்புதான் பிறகு என்னைப் படாத பாடு படுத்தியது.

4

மூன்றாம் தடவைக்குப் பிறகு பொறுக்க முடியாமல் ரெஜினாவிடம் போனை நீட்டினேன். என்ன ஆஸ்பத்திரி இது, வரச் சொல்வது, வந்தால் போகச் சொல்வது என்று ஏசினேன். அவள் வாங்கிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மாமா, இது ஒங்களுக்கு வந்தது இல்ல."

"ஏம்பேரு போட்டிருக்கே."

"ஒங்க பேருதான். ஆனா இது நான் சோதனைக்குப் போட்ட மாரிமுத்து. அப்படி ஒரு ஆளே இல்ல."

"நான் இருக்கேனே புள்ள."

அவள் விளக்கிச் சொன்னாள். சோதனை ஆட்களுக்கு எங்கேயும் போகாத பொய் நம்பர்களைத்தான் கம்பெனி கொடுத்திருக்கிறது. ஆனால் செய்தி ஒரு நிஜப் போனில் எப்படி வந்து விழுகிறது என்று பார்க்க அவளுக்கு ஆசை. இழுப்பறையில் யாருக்கும் இல்லாமல் கிடந்த போனின் நம்பரை மாரிமுத்துவுக்குக் கொடுத்தாள். பார்த்தாள், சரியாக விழுந்தது, மறந்துவிட்டாள். பிறகு அந்தப் போன் எனக்கு வந்தது. இப்போதெல்லாம் சோதனையைக் கையால் செய்வதில்லையாம். கம்பெனியில் யாராவது ஒரு வரியை மாற்றினால் போதும், முழுச் சோதனையும் தானாக முதலிலிருந்து ஓடும். ஓடுகிற ஒவ்வொரு தடவையும் இல்லாத மாரிமுத்துவுக்குக் கண்ணில் புரை விழும், நாள் குறிக்கப்படும், செய்தி போகும்.

"யாரோ ஒருத்தன் எங்கேயோ ஒக்காந்து ஒரு வரிய மாத்துனா நான் ரெண்டு பஸ் மாறிப் போவணுமா?" என்று கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. நிஜ நம்பரைச் சோதனைக்குள் போட்டது பெரிய குற்றம் என்றாள். இதே மாதிரி ஒரு விஷயத்துக்காகத்தான் அவளோடு வேலை செய்த ஒரு பையனை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் வேலை போனால் இந்த வீடு போகும். இன்றைக்கே நம்பரை அழித்துவிடுகிறேன், ஆனால் ஒரு இடத்தில் அழித்தால் வேறு பிரதிகளில் இருக்கும், எல்லாவற்றையும் நான் சத்தமில்லாமல் தேடி அழிக்க வேண்டும், அதுவரைக்கும் செய்தி வந்தால் திரும்பிப் பார்க்காதீர்கள் என்றாள். நிஜமான நாள் வந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டேன். அது என் ஈமெயிலுக்கும் வரும் மாமா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

பெரட்டுக்குப் போகாதே என்று என் வாழ்நாளில் ஒருத்தர் சொன்னது அதுதான் முதல் தடவை.

5

செய்தி வந்துகொண்டே இருந்தது. நான் பார்க்கவில்லை. போன் முனகும், நான் அதைத் தலையணைக்குக் கீழே தள்ளிவிடுவேன். தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தாலும் எடுக்கவில்லை. அதற்கும் ஒரு மாரிமுத்து இருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனி முடிந்தது, ஆடி வந்தது. என்ன, இன்னும் ஒப்பரேஷனுக்கு நாள் வரவில்லையே என்று ரெஜினாவைக் கேட்டேன். அவளுக்கும் சந்தேகம் வந்து ஆஸ்பத்திரிக்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். எனக்கு எல்லாம் விளங்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முகமும் எனக்குத் தெளிவாகத் தெரியாது. ஆனால் அவள் "யெஸ், யெஸ்" என்று சொல்கிற சத்தம் ஒவ்வொரு தடவையும் சின்னதாகிக்கொண்டு போனது.

நாள் வந்திருக்கிறது. செய்தி அனுப்பியிருக்கிறார்கள், பதில் இல்லை. அழைத்திருக்கிறார்கள், எடுக்கவில்லை. அந்த நாளை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஈமெயில் ஏன் வரவில்லை? கண் டாக்டரிடம் இருந்த என் விவரத்தைப் பெரிய ஆஸ்பத்திரி விவரத்தோடு சேர்த்தபோது போன் நம்பர் வந்து சேர்ந்தது, ஈமெயில் விலாசம் வழியில் விழுந்துவிட்டது. ஒன்றோடொன்று சேர்க்கும்போது எதுவும் விழாமல் பார்ப்பதுதான் இவள் வேலை. இவள் வீட்டு விவரமே விழுந்திருக்கிறது. அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. மலையில் நிறுத்தது பெக்டரிக்கு வந்து சேராததற்கு இத்தனை பெரிய படிப்பு எதற்கு?

அதோடும் முடியவில்லை. மறுபடி வரிசையில் போடுங்கள் என்று ரெஜினா கெஞ்சினாள். அதற்கு முன்னால் இவர் ஞாபக சக்தி டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றார்கள். கூப்பிடாத நாளில் மூன்று தடவை வந்திருக்கிறார், கூப்பிட்ட நாளுக்குப் பதிலே இல்லை, குழம்பிப்போயிருக்கிறார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அந்த நல்ல மனுஷி நீளமாகத் தட்டியது அதுதான். ஒப்பரேஷனுக்குப் பிறகு வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட வேண்டும், ஞாபகம் இல்லாதவருக்கு அது ஆபத்து என்றார்கள்.

போனை வைத்த பிறகு ரெஜினா சமையலறையில் போய்ப் பாத்திரத்தை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டாள். நான் பின்னால் போய் நின்றேன். நடந்ததை நடந்தபடி சொன்னால் ஆஸ்பத்திரி அவளுடைய கம்பெனியைக் கேட்கும். கம்பெனி மாரிமுத்துவின் நம்பரைத் தேடும். அவ்வளவுதான். இதை அவள் சொல்லவில்லை. சொல்லாமலே அங்கே நின்றது.

"கெழவன் மறந்துட்டான்னு சொல்லிருவோம்" என்றேன். "வயசானவன் மறக்குறது ஒன்னும் ஒலக அதிசயம் இல்ல. டாக்டரப் பாத்துட்டு வந்தா திருப்பியும் வரிசையில போட்ருவாங்க."

அவள் கடைசிப் பாத்திரத்தையும் மேலே அடுக்கினாள். பிறகு, "சரிங்க மாமா" என்றாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேண்டாம் மாமா என்று ஒரு தடவையாவது சொல்வாள் என்று நினைத்தேன். சொன்னால் நான் வற்புறுத்தி அவளை ஒத்துக்கொள்ள வைத்திருப்பேன். அந்தச் சந்தர்ப்பத்தைக்கூட அவள் எனக்குக் கொடுக்கவில்லை. அன்று முழுக்க அவள் போட்ட தேத்தண்ணியை நான் தொடவில்லை. அவளும் ஏன் என்று கேட்கவில்லை.

அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று சோதிக்கப் போகிறார்களா என்று கேட்டுவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்ற சிங்கள வியாபாரி என்ன ஆச்சு என்று வந்து எட்டிப் பார்த்தான். "அவனுங்ககிட்ட சொல்லு, எனக்கு நீ சின்ன வயசுல செஞ்ச அநியாயமெல்லாம் ஞாபகம் இருக்கு, என்னைய வந்து சோதிக்கச் சொல்லு" என்றாள்.

6

ஞாபக டாக்டர் இளம் பையன். சைனாக்கார முகம், நல்ல பொறுமை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருத்தரைப் போனில் பிடித்துத் தந்தார். அந்தப் பெண்மணி எந்த ஊரோ தெரியவில்லை. "வணக்கம் திரு சடையன் அவர்களே, தங்களுக்கு அண்மைக் காலமாக நினைவாற்றல் குறைபாடு ஏதேனும் உளதா?" என்று கேட்டார். எனக்கு ரேடியோ செய்தி ஞாபகம் வந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன், லைன் அறுந்துவிட்டது. மறுபடி எடுத்தால் காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டது. டாக்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கூட வந்திருந்த ரெஜினாவையே மொழிபெயர்க்கச் சொன்னார். இப்படிச் செய்யக்கூடாது, ஆனால் இன்று வேறு வழியில்லை என்றாராம்.

இன்று என்ன மாசம், இது எந்த ஊர், எத்தனையாவது மாடி. சொன்னேன். மூன்று சொற்களைச் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். ரோஜா, ரயில், சட்டை. எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் ஒருத்தர் சட்டையில் எப்போதும் ரோஜாப்பூ குத்தியிருப்பார், அவரை நினைத்துக்கொண்டால் மூன்றும் வந்துவிடும் என்று அந்த மாஸ்டர் கதையை ஆரம்பித்தேன். அவர் கடைசியில் பண்டாரவளைப் பக்கம் மாற்றலாகிப் போன வரைக்கும் சொன்னேன். ரெஜினா இரண்டு வார்த்தையில் முடித்தாள். டாக்டர் ஏதோ எழுதினார்.

பிறகு ஒரு வெள்ளைத் தாளைத் தந்து, கடிகாரம் ஒன்று வரையச் சொன்னார். எண்களை எல்லாம் போட்டு, முள் இரண்டையும் வைக்க வேண்டும்.

வட்டம் போட்டேன். பென்சில் கோடு மெல்லியது. போட்ட கோடு எனக்கே தெரியவில்லை. பன்னிரண்டை எங்கே வைத்தேன் என்று தெரியாமல் மூன்றை வைத்தேன். ஆறு வட்டத்துக்கு வெளியே போய்விட்டது என்று ரெஜினா மூச்சை இழுத்த சத்தத்தில் தெரிந்துகொண்டேன். தாளை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தேன். அப்போதும் அது பனிமூட்டத்துக்குள் லயத்து வீடுகள் தெரிகிற மாதிரித்தான் இருந்தது. முள்ளைக் குத்துமதிப்பாக வைத்துத் தாளை நீட்டினேன். டாக்டர் வாங்கி நிறைய நேரம் பார்த்தார். இந்தத் தடவை நிறைய எழுதினார்.

கண்ணை வெட்ட வேண்டுமென்றால் ஞாபகம் சரியாக இருக்க வேண்டும். ஞாபகம் சரி என்று காட்டக் கடிகாரம் வரைய வேண்டும். கடிகாரம் வரையக் கண் வேண்டும். இதைச் செய்தவன் ஒருத்தனும் ஒருநாளாவது முதலிலிருந்து கடைசிவரை நடந்து பார்த்திருக்க மாட்டான். டெஸ்டிங் டெஸ்டிங் என்கிறார்களே, இதை யார் டெஸ்ட் பண்ணுவது? இதைச் சொல்லலாம் என்று வாய்வரைக்கும் வந்தது. ஒப்புக்கொண்டது ஒப்புக்கொண்டதுதான், மறதிக்காரக் கிழவன் இத்தனை நியாயம் பேசக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார். ரெஜினா தமிழில் சொன்னாள்: கூப்பிடாத நாளில் மூன்று தடவை ஏன் போனீர்கள், கூப்பிட்டபோது ஏன் பதில் சொல்லவில்லை?

"மறந்துட்டேன்னு சொல்லு புள்ள" என்றேன்.

அவள் சொல்லவில்லை. கையிலிருந்த சாவிக்கொத்தை மடியில் வைத்தாள். மேசையில் கிடந்த, நான் வரைந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். நான் சொன்னது ஒரு சொல். அவள் பேசியது நீண்டுகொண்டே போனது. நடுவில் மாரிமுத்து என்று வந்தது. டெஸ்ட் என்று வந்தது. போன் என்று வந்தது. கையை எடுத்துத் தன் நெஞ்சைக் காட்டினாள், ஒரு தடவை அல்ல, இரண்டு மூன்று தடவை. டாக்டர் பேனாவைத் தொடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன புள்ள சொன்ன?" என்று கேட்டேன்.

"நடந்தத சொன்னேன் மாமா. நாளைக்கு ஆபீஸ்லயும் சொல்லிருவேன். அவங்க வேற ஒருத்தர் சொல்லித் தெரிஞ்சுக்கிறதுக்கு முன்னாடி நானே சொல்றது நல்லது."

"வீடு?"

"பாத்துக்கலாம் மாமா."

எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை நாள் மறதிக்காரன் என்று பேர் வாங்கி, தேத்தண்ணி குடிக்காமல் இருந்து, கடிகாரம் கிறுக்கி, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது எதற்காக? கடைசி நிமிஷத்தில் இப்படி எல்லாவற்றையும் கொட்டுவதென்றால் முதல் நாளே கொட்டியிருக்கலாமே. இதையெல்லாம் அங்கேயே அவளிடம் கேட்டேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய் ஏசுங்கள் என்றாள்.

டாக்டர் கடிகாரத் தாளை எடுத்து, மறுபடி ஒரு தடவை பார்த்து, அதன்மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார். என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கிட்டே வந்ததும்தான் அவர் மூக்குக்கண்ணாடி போட்டிருப்பதே எனக்குத் தெரிந்தது. மெதுவாக ஏதோ கேட்டார்.

"கண் டாக்டருக்கு அவரே எழுதப் போறாராம்" என்றாள் ரெஜினா. "எந்தக் கண்ணு ரொம்ப மோசம்னு கேக்குறாரு மாமா."

"ரெண்டுந்தான்னு சொல்லு" என்றேன். "அதயாவது நான் சொன்னபடியே சொல்லு."